மலேரியா ஸ்லைடில் ‘நெகட்டிவ்’ என்று எழுதும் முன்

மலேரியா ஸ்லைடில் பாசிட்டிவ் கண்டுபிடிக்க அவ்வளவு திறமை வேண்டாம். ஒட்டுண்ணி நிறைய இருந்தால் அதுவே கண்ணில் வந்து விழும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகூட "அக்கா, இதைப் பாருங்க" என்று கூப்பிட்டுவிடும். கஷ்டமெல்லாம் நெகட்டிவில்தான். நம் டெல்டாவில் வருகிற காய்ச்சலில் மலேரியா கொஞ்சம்தான். டெங்கு, எலிக்காய்ச்சல், டைஃபாய்டு என்று முன்வரிசையில் நிற்பவை வேறு. அதனால் ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்தும் ஒன்றுமே கிடைக்காது, கண்ணும் கையும் ‘இதுவும் ஒன்றும் இருக்காது’ என்று பழகிவிடும், வினை அந்தப் பழக்கத்தில்தான் வருகிறது.

எனக்கு வந்தது. மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன லேபில் இருந்தேன், ஐப்பசி மாதம், அடைமழை, டெங்கு சீசன். நாற்பது வயதுக்காரர் ஒருவர், தட்டணு அறுபதாயிரம், டாக்டர் டெங்குதான் கேட்டிருந்தார், கூடவே மலேரியா ஸ்மியரும் (ரத்தத்தை ஸ்லைடில் பூசிப் பார்ப்பது) எழுதியிருந்தார். வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள். முப்பது முப்பத்தைந்து ஃபீல்டு (லென்ஸில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம்) பார்த்திருப்பேன், நெகட்டிவ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த டியூபை எடுத்துவிட்டேன். மறுநாள் ராத்திரி அவருக்கு நினைவு தடுமாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கே மலேரியாவின் ஆபத்தான வகையான ஃபால்சிபேரம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பெட்டியிலிருந்து என் ஸ்லைடை எடுத்து முதலிலிருந்து எண்ணிக்கொண்டே பார்த்தேன். 71-வது ஃபீல்டில் ஒரு ரிங், அதாவது மோதிரம் மாதிரி இளம் ஒட்டுண்ணி. 88-ல் இன்னொன்று. மனிதர் பிழைத்துவிட்டார். ஒடிசாவில் பாலம் கட்டும் இடத்தில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும், ஏனென்றால் நான் கேட்கவே இல்லை.

எனவே முதல் வேலை ஊசியும் இல்லை, மைக்ராஸ்கோப்பும் இல்லை, கேள்வி. "எந்த ஊரிலிருந்து வர்றீங்க, போன மாசம் எங்கே இருந்தீங்க?" ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் என்று பதில் வந்தால் உங்கள் முதுகு தானாக நிமிர வேண்டும். நடவுக்கும் ரைஸ் மில்லுக்கும் வடக்கிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நம் ஆட்கள் அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள், சென்னையில் மேல்நிலைத் தொட்டிக் கொசுவிடம் கடி வாங்கி வருகிறவர்களும் உண்டு. போன வருஷம் மலேரியா வந்ததா என்றும் கேளுங்கள். மலேரியாவில் வைவாக்ஸ் என்ற வகை கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு மறுபடி எழும்பி வரும் ஜாதி. பதிலை விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

ரத்தம் எப்போது எடுப்பது என்று ஒரு குழப்பம் நம் பக்கத்தில் உண்டு. கும்பகோணம் பக்கத்துப் பெரியவர்களுக்கு யானைக்கால் நோய்க்கு ராத்திரியில் வீடு வீடாக வந்து ரத்தம் எடுத்தது நினைவிருக்கும், அதனால் "இதுக்கும் ராத்திரிதானே வரணும்?" என்று கேட்பார்கள். அது யானைக்கால் புழுவின் வழக்கம், அது ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். மலேரியாவுக்கு நேரம் காலம் இல்லை, நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், ஆள் வந்த உடனே எடுங்கள். மலேரியா மாத்திரை ஒன்று உள்ளே போவதற்கு முன்பு எடுத்துவிட்டால் நல்லது.

விரல் குத்தி எடுத்த ரத்தம்தான் ஸ்மியருக்கு ஒசத்தி. டியூபில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் இ.டி.டி.ஏ (ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து) டியூப் ரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போட்டுவிடுங்கள், காலையில் எடுத்ததை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் ஒட்டுண்ணியின் உருவமே மாறிவிடும், எந்த வகை என்று சொல்ல முடியாமல் விழிப்பீர்கள். இடது கை மோதிர விரல், நுனியில் வேண்டாம், சதைப்பக்கத்தின் ஓரத்தில். ஒருமுறை ஒரு ஆத்தா கையை நீட்டிவிட்டு, "நாளைக்குக் களை பறிக்கணும் தாயி, பாத்துக் குத்து" என்றார். அந்த விரலைத் தொட்டால் மரப்பட்டை மாதிரி இருந்தது, நடுவில் குத்தியிருந்தால் லான்செட் தோலோடு நின்றிருக்கும். ஓரத்தில் தோல் மெல்லிசு, வலியும் கம்மி, வேலைக்கும் இடைஞ்சல் இல்லை. கைக்குழந்தைக்குக் கால் கட்டைவிரல்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அது காயும் வரை பொறுங்கள். எங்களிடம் சேர்ந்த தம்பி ஒருவன் ஈர விரலிலேயே குத்திக்கொண்டிருந்தான், தின் ஸ்மியர் (மெலிசாக இழுத்த ரத்தப் பூச்சு) முழுக்கச் சிவப்பணு சுருங்கி ஓட்டை ஓட்டையாக வந்தது, ஒரு வாரம் ஸ்டெயின் (சாயம்) பாட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தோம். முதல் சொட்டைக் காய்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். விரலைப் பிழியாதீர்கள், மெதுவாக அழுத்தினால் போதும், பிழிந்தால் ரத்தத்தோடு நீரும் சேர்ந்து வரும்.

ஒரே ஸ்லைடில் திக் ஸ்மியர் (கனமான ரத்த வட்டம்), தின் ஸ்மியர் இரண்டும் போடலாம். திக் ஸ்மியருக்கு மூன்று சின்னச் சொட்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் மூலையால் சேர்த்து, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் வட்டமாகப் பரப்புங்கள். ரொம்ப நேரம் கிண்டாதீர்கள், மூன்று நாலு சுற்றுப் போதும், அல்வாவா கிண்டுகிறோம்? அளவு சரியா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது: ஈரமாக இருக்கும்போதே ஸ்லைடைச் செய்தித்தாள் மேல் வையுங்கள், ரத்தத்தின் ஊடே எழுத்து மங்கலாகப் படிக்க வந்தால் சரி. பளிச்சென்று தெரிந்தால் மெலிசு, தெரியவே இல்லை என்றால் கனம், கனமானது கழுவும்போது பெயர்ந்து தொட்டியில் மிதக்கும். தின் ஸ்மியருக்கு ஒரே சின்னச் சொட்டு, வழவழப்பான விளிம்புள்ள ஸ்லைடை 45 டிகிரி சாய்த்து வைத்து, சொட்டு விளிம்போடு ஓடியதும் நிறுத்தாமல் ஒரே இழுப்பு. முடியும் இடம் நாக்கு மாதிரி மெலிய வேண்டும். நோயாளியின் எண்ணை தின் ஸ்மியரின் கனமான தலைப்பகுதியில் பென்சிலால் எழுதுங்கள். பேனாவும் மார்க்கரும் மெத்தனாலில் கரைந்து போகும், அப்புறம் யார் ரத்தம் யாருக்கு என்று சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

காயவைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். நம் ஊரில் அதுதான் பாதி வேலை. மழைக்காலத்தில் திக் ஸ்மியர் காய ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகிறது, அவசரப்பட்டு ஈரத்தோடு ஸ்டெயினில் விட்டால் மொத்தமும் கழன்றுவிடும். சரி, ஜன்னலோரம் வைக்கலாம் என்றால் ஈ. ஈ திக் ஸ்மியரைத் தின்னும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எறும்பும் கரப்பானும்கூடத் தின்னும், திரும்பி வந்து பார்த்தால் வட்டத்தின் நடுவில் பூச்சி அரித்த இலை மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும். நான் சமமான தட்டில் ஸ்லைடுகளைப் படுக்க வைத்து, கொசுவலைத் துணி கட்டிய பழைய சோற்றுக்கூடையால் மூடி, ஃபேனுக்குக் கீழே வைக்கிறேன். சித்திரை வைகாசியில் பிரச்சினை தலைகீழ், வெயிலில் வைத்தாலோ டிரையர் காட்டினாலோ ரத்தம் கண்ணாடியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும், ஹீமோகுளோபின் வெளியே போகாது, ஸ்டெயின் ஏறாது. காய்ந்ததை அன்றைக்கே ஸ்டெயின் செய்யுங்கள்.

அடுத்து தின் பகுதியை மட்டும் மெத்தனாலில் சில விநாடி பதப்படுத்த வேண்டும். திக் பகுதியில் மெத்தனால் ஒரு சொட்டும் படக் கூடாது, ஆவிகூடப் படாமல் இருக்க, திக் பக்கம் மேலே இருக்கும்படி ஸ்லைடைச் சாய்த்து நிறுத்திக் காயவிடுங்கள். காரணம் எளிது: தின் ஸ்மியரில் சிவப்பணு அப்படியே இருக்க வேண்டும், அதன் வடிவத்தை வைத்துத்தான் வகை சொல்கிறோம். திக்கில் சிவப்பணு உடைந்து கரைந்து போக வேண்டும், அடுக்கடுக்காக இருக்கும் ரத்தத்தில் ஒட்டுண்ணி மட்டும் நிற்க வேண்டும். தின் ஸ்மியரைவிட இருபது முப்பது மடங்கு ரத்தம் ஒரே பார்வையில் கிடைப்பது அதனால்தான். தின் மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட் கொடுக்கும் இடங்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. திக்கில் தேடுங்கள், தின்னில் அடையாளம் காணுங்கள்.

அரசுத் திட்டத்தில் பழகியவர்கள் ஜே.எஸ்.பி ஸ்டெயின் போடுவார்கள். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற நம் நாட்டுக்காரர்கள் 1944-ல் கொண்டுவந்தது, மலிவு, வேகம். திக் ஸ்மியரின் சிவப்பு போகும் வரை தண்ணீரில் வைத்து எடுத்து, இயோசின் என்ற சிவப்புச் சாயம் இருக்கும் இரண்டாம் எண் கரைசலில் ஒன்றிரண்டு முக்கு, கழுவு, நீலம் இருக்கும் முதலாம் எண்ணில் முப்பது நாற்பது விநாடி, மறுபடி கழுவு. இரண்டாம் எண்ணில்தான் முதலில் முக்க வேண்டும் என்பது புதியவர்களை நிச்சயம் ஒருமுறை கவிழ்க்கும்.

நான் ஜீம்சா என்ற இன்னொரு ஸ்டெயினின் கட்சி. நேரம் இருந்தால் 3 சதவீதம், அதாவது 3 மில்லி ஸ்டெயினுக்கு 97 மில்லி பஃபர் தண்ணீர் (அமில, கார அளவு மாறாமல் நிற்கும் தண்ணீர்), 30 முதல் 45 நிமிடம். அவசரம் என்றால் 10 சதவீதம், 1 மில்லிக்கு 9 மில்லி, 10 நிமிடம். கலந்ததை மிச்சம் வைத்து அடுத்த முறைக்கு ஊற்றாதீர்கள். மூலப் பாட்டிலுக்குள் ஈர பிப்பெட் போகக் கூடாது, தண்ணீர் பட்ட ஜீம்சா கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஸ்லைடைக் கவிழ்த்து ஸ்டெயினைக் கொட்டாமல், மேலே மெதுவாகத் தண்ணீர் விட்டு வழிய விடுங்கள், இல்லாவிட்டால் மேலே மிதக்கும் பளபளப்பான ஏடு ஸ்மியர் மேலேயே படிந்து, ஆயிரம் போலி ஒட்டுண்ணிகளைக் காட்டும்.

பஃபர் தண்ணீரின் பி.எச் 7.2 இருக்க வேண்டும் என்று பாடத்தில் எல்லாரும் படித்ததுதான், ஆனால் குழாயைத் திறந்து பிடிப்பவர்கள்தான் அதிகம். வேதாரண்யம் பக்கம் ஆறு மாதம் வேலை செய்தபோது ஸ்லைடெல்லாம் ஒரே நீலம், வெள்ளையணுவின் கருவும் நீலம், ரிங்கின் சிவப்புப் பொட்டும் நீலம். போர் தண்ணீர்தான் காரணம், பி.எச் பேப்பரை நனைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. காரம் ஏறினால் நீலம் அடிக்கும், அமிலம் ஏறினால் எல்லாம் ரோஸாகி, வைவாக்ஸ் புகுந்த சிவப்பணுவில் தெரியும் ஷூஃப்னர் புள்ளிகள் காணாமல் போகும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, பஃபர் மாத்திரை போட்டு, பேப்பரில் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி நான் ஒப்பேற்றியிருக்கிறேன், ஆனால் அதற்கும் மாத்திரை வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் திறந்திருந்தாலே காற்றை உறிஞ்சி அமிலப் பக்கம் சாய்ந்துவிடும்.

இப்போது மைக்ராஸ்கோப். முதலில் ஒட்டுண்ணியைத் தேடாதீர்கள், வெள்ளையணுவைத் தேடுங்கள். அதன் கரு ஆழ்ந்த ஊதாவாக, ஓரம் தெளிவாக இருந்தால் ஸ்டெயினை நம்பலாம். வெளிறியிருந்தால் அந்த ஸ்லைடில் நெகட்டிவ் எழுத உங்களுக்கு உரிமை இல்லை, புதிதாக ஒன்று போடுங்கள். அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய், நூறு மடங்கு லென்ஸ். திக் ஸ்மியரின் ஓரத்தில் தொடங்கி, ஏர் உழுவது மாதிரி மேலே போய், ஒரு ஃபீல்டு நகர்ந்து, கீழே வாருங்கள். இஷ்டத்துக்குத் தாவினால் பார்த்ததையே பார்ப்பீர்கள். ஃபைன் ஃபோகஸ் மேல் ஒரு விரல் எப்போதும் இருக்கட்டும், ஒவ்வொரு ஃபீல்டிலும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே.

நூறு ஃபீல்டு. நல்ல திக் ஸ்மியரில் நூறு ஃபீல்டு என்பது ஏறத்தாழ கால் மைக்ரோலிட்டர் ரத்தம்தான், ஒரு சொட்டில் அது கடுகளவுகூட இல்லை. அதையும் முழுக்கப் பார்க்காமல் முப்பதில் எழுந்துவிட்டால் என்ன மிஞ்சும்? எனக்கு நூறு பார்க்க எட்டு முதல் பத்து நிமிடம் ஆகிறது. மனசால் எண்ணினால் ஐம்பதில் தொலைந்து போகும், கவுண்டர் இல்லையென்றால் ஒரு கிண்ணத்தில் பத்துப் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு, பத்து ஃபீல்டுக்கு ஒன்று வெளியே எடுத்து வையுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எதைத் தேடுகிறோம்? சிவப்பும் நீலமும் சேர்ந்து இருக்க வேண்டும், இதுதான் அடிப்படை. கருப்பொருள் சிவப்புப் பொட்டு, உடல் நீலம். சிவப்பு மட்டும், நீலம் மட்டும் என்றால் சந்தேகப்படுங்கள். இளம் ஒட்டுண்ணி கல் வைத்த மோதிரம் மாதிரி. திக் ஸ்மியரில் மோதிரம் முழுசாக இருக்காது, கமா, ஆச்சரியக்குறி, பறக்கும் பறவை என்று உடைந்து கிடக்கும். சிவப்பணு மேல் உட்கார்ந்த தட்டணு புதியவர்களை ஏமாற்றும். ஃபோகஸை அசைத்தால் அது வேறு தளத்தில் இருப்பது தெரியும், சுற்றி வெளிர் வட்டமும் இருக்கும். ஸ்டெயின் தூசி ஃபோகஸ் மாற்றினால் மின்னும். ஒரே ஒரு ‘ஒட்டுண்ணி’யைப் பார்த்துவிட்டுப் பாசிட்டிவ் கொடுப்பதற்கு முன் இன்னொன்றைத் தேடுங்கள்.

வகை பார்க்க தின் ஸ்மியரின் மெல்லிய வால்பக்கம் போங்கள், சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் இடம். வைவாக்ஸ் குடியேறிய சிவப்பணு பக்கத்து அணுக்களைவிடப் பெரிதாக ஊதியிருக்கும், உள்ளே ரோஸ் தூவின மாதிரி ஷூஃப்னர் புள்ளிகள், ஒட்டுண்ணி ஒழுங்கில்லாமல் கைகால் நீட்டிக்கொண்டு கிடக்கும், முதிர்ந்த சைசான்ட்டில் (ஒட்டுண்ணி பிளந்து பெருகும் நிலை) 12 முதல் 24 குஞ்சுகள். ஃபால்சிபேரம் இதற்கு நேர் எதிர். அணு ஊதாது, ரிங் மெல்லிசாக நூல் மாதிரி, ஒரே அணுவில் இரண்டு மூன்று ரிங், ஒரு ரிங்கில் இரண்டு பொட்டு, அணுவின் விளிம்போடு ஒட்டிக்கொண்டும் இருக்கும். இதன் முதிர்ந்த நிலைகள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டி ஒளிந்துகொள்வதால் விரல் ரத்தத்தில் ரிங்கும் கேமிட்டோசைட்டும்தான் (கொசுவுக்குப் போகும் ஆண், பெண் நிலை) கிடைக்கும். அந்தக் கேமிட்டோசைட்டை வாழைப்பழம் என்று புத்தகம் சொல்லும், எனக்குக் கதிர் அரிவாள்தான் நினைவுக்கு வரும். மலேரியே என்ற இன்னொரு வகையில் அணுவின் குறுக்கே பட்டை கட்டின மாதிரி வரும், நம் பக்கம் அதைப் பார்ப்பது அபூர்வம். ஒரு வகை கிடைத்ததும் எழுந்துவிடாமல் இன்னொரு நூறு ஃபீல்டு பாருங்கள், இரண்டும் சேர்ந்து இருக்கலாம்.

எண்ணிக்கையும் கொடுத்தால் டாக்டருக்கு உதவி. திக் ஸ்மியரில் 200 வெள்ளையணுவை எண்ணும்போது எத்தனை ஒட்டுண்ணி என்று பாருங்கள், நூறுக்குக் குறைவாக வந்தால் 500 வெள்ளையணு வரை தொடருங்கள். ஒட்டுண்ணி எண்ணிக்கையை 8000-ஆல் பெருக்கி, எண்ணிய வெள்ளையணுவால் வகுக்க வேண்டும். 200-க்கு 120 என்றால் மைக்ரோலிட்டருக்கு 4800. அந்த 8000 ஒரு பொது அளவு, அதே ஆளின் வெள்ளையணு எண்ணிக்கை கையில் இருந்தால் அதையே போடுங்கள். ஃபால்சிபேரத்தில் கேமிட்டோசைட்டை இதில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள், மருந்து முடிந்த பிறகும் அது சில வாரம் ரத்தத்தில் சுற்றும், அதை வைத்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ரேபிட் கிட் (ரத்தம் விட்டால் கோடு காட்டும் பட்டை) இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். கிட் நல்லதுதான், ராத்திரி கரன்ட் போன நேரத்தில் அதுதான் தெய்வம். 5 மைக்ரோலிட்டர் ரத்தம், பஃபர் சொட்டு, பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்குள் படிக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத் தெரியும் கோட்டை நம்பக் கூடாது. ஆனால் ஃபால்சிபேரத்துக்கான எச்.ஆர்.பி-2 புரதம் குணமான பிறகும் வாரக்கணக்கில் கோடு காட்டும். அந்தப் புரதத்தையே உண்டாக்காத ஒட்டுண்ணிகளும் இருக்கின்றன, அவற்றில் அந்தக் கோடு வராமலே போகலாம். ஒட்டுண்ணி ரொம்பக் குறைவு என்றாலும் கிட் தவறவிடும். வெயிலில் பைக் பெட்டியில் சுற்றிய கிட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிட் போட்டாலும் ஸ்லைடு போடுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘மலேரியா இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘திக் ஸ்மியரில் 100 ஃபீல்டு பார்த்ததில் ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்று எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டாக்டருக்குப் புரியும். காய்ச்சல் விடவில்லை, சந்தேகம் தீரவில்லை என்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு ஸ்லைடு வேண்டும் என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஃபால்சிபேரம் என்றால் பேப்பர் போய்ச் சேரட்டும் என்று இருக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். எந்தப் பாசிட்டிவ் என்றாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள், சுகாதார ஆய்வாளர் வந்து அக்கம்பக்கத்தில் காய்ச்சல்காரர்களிடம் ரத்தம் எடுப்பார், கிணறு தொட்டியெல்லாம் பார்ப்பார்.

பார்த்த ஸ்லைடைக் கழுவிப் போட்டுவிடாமல், எண்ணெயை லென்ஸ் பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டுப் பெட்டியில் அடுக்குங்கள், நெகட்டிவையும்தான். மைக்ராஸ்கோப் லென்ஸையும் அதே பேப்பரால் துடையுங்கள், சட்டை நுனி வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், ஒருமுறை பிடித்தால் தஞ்சாவூர் வரை தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். மழை மாதங்களில் மரப் பெட்டிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிட்டு அதில் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் நீலத்திலிருந்து ரோஸாக மாறியதும் வாணலியில் வறுத்து மறுபடி போடுங்கள். வறுத்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.